சூசையம்மா கேட்கக்கூடாத கேள்வி

புதிதாக ஒருவரைக் கண்டால், அவருடைய ஊர், தொழில், பிள்ளைகள் எத்தனை என்ற மூன்றும் ஐந்து நிமிடத்துக்குள் சூசையம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. மெல்பேர்னுக்கு வந்து இருபத்தாறு வருடமாகியும் இந்தக் குணம் மாறவில்லை. பஸ் சாரதி ஒருவரின் விவாகரத்துக் கதையை முழுவதும் கேட்டு முடிப்பதற்காக இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய் இறங்கிய மனுஷி அவர்.

அப்படிப்பட்டவரை, ஒன்றுமே கேட்கக்கூடாத இடத்தில் கொண்டுபோய் விட்டவன் எறிக். அவர்களுடைய பங்குக் கோயிலில் எல்லாவற்றுக்கும் ஓடித்திரிகிற தமிழ்ப் பொடியன். குளிர்கால மூன்று மாதமும் அந்தப் பகுதியின் ஏழு தேவாலயங்கள், ஆளுக்கொரு நாளாக, வீடில்லாதவர்களைத் தங்கள் மண்டபங்களில் தங்கவைக்கின்றன. மாலையில் வருவார்கள், சாப்பிடுவார்கள், மடிப்புக் கட்டிலில் படுத்து, காலைச் சாப்பாட்டோடு போய்விடுவார்கள். வியாழக்கிழமை இவர்களுடைய முறை. குசினியில் சமைப்பதும் பரிமாறுவதும் சூசையம்மாவின் பொறுப்பு.

முதல் நாளே எறிக் சொல்லிவிட்டான்.

"அன்ரி, வாறவையிட்டைக் குடும்பத்தைப் பற்றி ஒண்டும் கேக்கக்கூடாது. அவையளாச் சொன்னாக் கேட்டுக்கொண்டிருங்கோ. விளங்கினதோ?"

"ஓம் தம்பி, விளங்கினது."

விளங்கியது உண்மைதான். நாக்குக்குத்தான் விளங்கவில்லை. ஆனாலும் ஐந்து வியாழக்கிழமைகள் அதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தார்.

ஆறாவது வியாழன், கொலின் என்ற அறுபது தாண்டிய நெட்டை மனிதர் பருப்புக்கறியை இரண்டாம் முறை வாங்கியபோது, தன் மகளும் சின்ன வயதில் பருப்பென்றால் விடமாட்டாள் என்று தானாகவே சொன்னார். அவ்வளவு போதாதா? மகளுக்கு இப்போது என்ன வயது என்று சூசையம்மா கேட்டுவிட்டார்.

கொலின் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். எறிக் தெருமுனை வரை ஓடிப் பார்த்தான். ஆளைக் காணவில்லை. அன்றைக்கு வெளியே மூன்று பாகைக் குளிர்.

"என்ன அன்ரி கேட்டனீங்கள்?"

"மகளுக்கு என்ன வயசெண்டு..."

எறிக் கொலினின் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் ஏசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை ஏசி ஆறியிருக்கலாம்.

வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாள்தோறும் எறிக்குக்குத் தொலைபேசி எடுத்தார். கொலின் எந்தத் தேவாலயத்துக்கும் வரவில்லை. வீட்டில் ஹீட்டரைப் போடவே கூச்சமாக இருந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு காணாமற்போனதைத் தேடித்தருகிற புனித அந்தோனியாரை மன்றாடினார். ஒரு மனிதனைத் தன் வாயாலேயே குளிருக்குள் துரத்திவிட்டேனே என்று அழுதார்.

கேட்பது பிழையென்று அவருக்கு யாரும் படிப்பித்திருக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு, போருக்குத் தப்பி ஓடி, மூன்று வயதுக் குழந்தையோடு மன்னாரின் மடு மாதா கோயில் வளவுக்குள் வந்து விழுந்தபோது, கணவர் ஞானேந்திரன் வழியில் கூட்டத்தில் பிரிந்துபோயிருந்தார். தண்ணீருக்கு நின்ற வரிசையில் முன்பின் அறியாத பேசாலை ஊர்க்காரி ஒருத்தி பிடித்துக்கொண்டாள். "எவடம் பிள்ளை? மனுசன் எங்கை? பேரென்ன? ஆள் கறுப்போ?" என்று குடைந்த குடையில்தான், அவளுடைய தம்பி வந்த உழவு இயந்திரத்தில் ஞானேந்திரனும் ஏறியிருந்தது தெரியவந்தது. வழியில் இறங்கி நின்ற அவருக்கு அந்தத் தம்பி மூலம் சேதி போக, ஐந்தாம் நாள் அவர் நடந்து வந்தார். அந்த வளவில் கூரை இல்லை, சோறு இல்லை. ஆனால் யாராலும் விசாரிக்கப்படாத ஒரு மனிதரும் இல்லை. அந்த நாட்களுக்காக ஏங்குகிறேன் என்று வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள், போரை யார் திரும்பக் கேட்பார்கள்? என்றாலும் சூசையம்மா ஏங்கினார். நான்கு வருடத்துக்கு முன் ஞானேந்திரன் இறந்தபிறகு, தெருவில் காண்பவர்கள் நலமா என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன்னே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்த வியாழன் சூசையம்மா பரிமாற வரவில்லை. பின்னால் நின்று சட்டி கழுவுவதாகச் சொல்லிவிட்டார். ஆறே முக்காலுக்கு எறிக் ஓடிவந்தான்.

"அன்ரி, கொலின் வந்திட்டார்."

சூசையம்மா கழுவிய சட்டியையே திரும்பக் கழுவினார். போய்ப் பார்க்கத் துணிவு வரவில்லை. சற்று நேரத்தில் கொலினே குசினி வாசலுக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது, இருமினார். சூசையம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். கொலின் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முப்பத்துநாலு," என்றார்.

அன்றைக்கு அது தனக்குத் தெரியவில்லை என்றார். பெற்ற மகளின் வயது தெரியாத வெட்கத்தில்தான் எழுந்து போனாராம். நடந்து நடந்து எண்ணிப் பார்த்தும் வருடம் பிடிபடவில்லை. கடைசியில், ஒன்பது வருடமாகப் பேசாத தங்கைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கிறார். தங்கை வயதைச் சொல்லிவிட்டு அழுதாளாம். அவளுடைய வீட்டுச் சோபாவில்தான் அன்றிலிருந்து படுத்தாராம். இங்கே வந்தது இதைச் சொல்லத்தான்.

சூசையம்மாவின் நாக்கு நுனியில் அடுத்த கேள்வி வந்து நின்றது. எறிக்கைப் பார்த்தார்.

"கேளுங்கோ அன்ரி," என்றான் அவன்.

மகளின் பெயர் என்ன என்று சூசையம்மா கேட்டார். கொலின் குசினிக்குள் வந்து, அதைச் சத்தமாகச் சொன்னார்.