கேலிக் பாட்டுக்கு நான் வசூல் செய்த கதை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது கஷ்டம் என்று சொல்லி முடிப்பதற்குள் செல்போனைக் கையில் எடுத்துவிடுவேன். பதினாறு வருட துபாய் வாழ்க்கையில் இதற்காக என்னைப் பாராட்டியவர்களே அதிகம். இங்கே ஒருவர் இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்ப வசூல், வேலை போனவருக்கு டிக்கெட் எடுக்க வசூல், எதுவானாலும் முதல் ஆள் நான்தான். அனுமதி இல்லாமல் வசூல் செய்வது இந்த நாட்டில் குற்றம் என்பது எனக்குத் தெரியாததல்ல. சாவு வீட்டில் யார் சட்டம் பேசப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அப்படியே பழகிவிட்டது.

மகளுக்கு அப்போது பதிமூன்று வயது. எங்கள் கட்டடத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்ள, இவள் மட்டும் பள்ளியில் நடந்த கேலிக் பாட்டு வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். கேலிக் என்பது ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பேசும் பழைய மொழி. அந்தத் தீவுகளில் ஒன்றிலிருந்து வந்த இளம் ஆசிரியைதான் சொல்லிக்கொடுத்தார். துபாயில் அவருக்கென்று யாரும் இல்லை. அவர்கள் ஊரில் வாத்தியம் இல்லாத வீடுகளில், ஆட்டத்துக்கு வேண்டிய மெட்டையும் தாளத்தையும் வாயாலேயே பாடிவிடுவார்களாம். கேட்க ஏறக்குறைய நம் கொன்னக்கோல் மாதிரி இருக்கும்.

"நம்ம பாட்டு கசக்குதாக்கும்?" என்று என் மனைவி முதலில் முணுமுணுத்தாள். ஆனால் வீட்டில் நாலு வார்த்தை பேசவே காசு கேட்கிற பெண், குளியலறைக்குள் மூச்சுவிடாமல் பாடுவதைக் கேட்ட பிறகு அவளும் அடங்கிவிட்டாள். மகள் வேறு எதிலும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

வகுப்பில் இருந்த ஆறு பிள்ளைகளையும் கோடை விடுமுறையில் தன் தீவுக்கு அழைத்துப்போய், இரண்டு வாரம் அங்குள்ள பாடகர்களோடு பாடவைக்க வேண்டும் என்பது ஆசிரியையின் ஆசை. பாட்டு விருந்து ஒன்று நடத்தி நிதி திரட்டுவதாகத் திட்டம். உரிமம் பெற்ற ஓர் அறக்கட்டளை மூலம் முறையாக அனுமதிக்கு எழுதிப் போட்டிருந்தார். பெற்றோர் கூட்டத்தில் அழுத்தந்திருத்தமாகச் சொன்னார்: "அனுமதி கையில் வரும்வரை யாரும் ஒரு திர்ஹம்கூட வாங்காதீர்கள். யாருக்கும் செய்தி அனுப்பாதீர்கள்." பிள்ளைகளிடமும் இதையே வாரம் தவறாமல் சொன்னாராம்.

இரண்டு மாதம் ஆகியும் அனுமதி வரவில்லை. மகள் தினமும் "பெர்மிட் வந்துச்சாப்பா?" என்பாள், ஏதோ நான்தான் கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி மாதிரி. ஒரு சனிக்கிழமை, சத்வாவில் ஒரு தையல் கடையில் பேண்டை ஆல்டர் செய்யக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது என் கை சும்மா இருக்கவில்லை. ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு, பிள்ளைகளின் பயணத்துக்கு உதவுங்கள் என்று தமிழில் ஒரு செய்தி தட்டினேன். நம்பிக்கை வரவேண்டுமே என்று ஆசிரியையின் பெயரையும் வகுப்புப் புகைப்படத்தையும் சேர்த்தேன். குழுவில் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதால் என் பெயரைப் போடவில்லை.

செய்தி குழுவைத் தாண்டி ஓடியது. ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலைத் தொழிலாளர் கேம்பில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் டியூட்டி முடிந்ததும் கூப்பிட்டார். "பாவம்ணே, யாரு பெத்த புள்ளைங்களோ. நான் அம்பது திர்ஹம் தர்றேன்" என்றார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பாட்டுப் படிக்கத்தான் இந்தப் பணம் என்று நான் விளக்கியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன்.

நான்காம் நாள் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். செய்தியில் இருந்தது ஆசிரியையின் பெயர். போலீஸ் விசாரணைக்கு அழைக்கப்பட்டதும் அவர்தான். வகுப்பு நிறுத்தப்பட்டதாகப் பள்ளியிலிருந்து தகவல் வந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளி வாசலில் போய் நின்றேன். அவர் வெளியே வந்ததும், நான்தான் செய்தேன், வந்து சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"தெரியும். வகுப்பில் தமிழ்க் குடும்பம் உங்களுடையது மட்டும்தான்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "போனில் மொழிபெயர்த்து நானே அனுப்பியதாக எழுதிக்கொடுத்துவிட்டேன். உங்கள் விசா போனால் உங்கள் மகள் படிப்பும் போய்விடும். நான் ஒற்றை ஆள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்."

முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவரை இழுத்துக்கொண்டு திரும்பப் போலீஸிடமே போயிருக்க வேண்டும். 'தேங்க் யூ' என்றேன். அந்த நேரத்தில் எனக்குள் வந்தது நிம்மதிதான். இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியாதது அதுதான்.

அவர் அபராதம் கட்டினார். அனுமதி மறுக்கப்பட்டது. பள்ளி அவருடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. நான் வாங்கிய பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். "எல்லாத்துலயும் முந்திரிக்கொட்டை. புள்ளகிட்டயாவது உண்மையச் சொல்லுங்க" என்றாள் மனைவி. சொல்கிறேன், சொல்கிறேன் என்று நாளைக் கடத்தினேன்.

தன் தீவுக்குப் போய்ச் சேர்ந்த வாரத்தில் ஆசிரியை மகளுக்கு ஒரு புதுப் பாட்டைப் பாடி அனுப்பியிருந்தார். நாங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தபோதுதான் அது அவள் போனுக்கு வந்தது. மகள் அதைக் கேட்காமலேயே அழித்தாள்.

"நம்மகிட்ட அவ்ளோ ரூல்ஸ் பேசுனாங்க. கடைசில அவங்களே திருட்டுத்தனமா கலெக்ட் பண்ணியிருக்காங்க. பொய் சொல்லி ஏமாத்திட்டாங்கப்பா. இனிமே நான் பாட மாட்டேன்."

மனைவி குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"கரெக்ட்தானேப்பா? தப்புதானே அவங்க பண்ணது?"

"ஆமாம்மா. தப்புதான்" என்றேன்.