நாலு குட்டி லப்டொப்பும் ஒரு கள்ளனும்

ஜெராட் ஓரிடத்தில் ஆறி இருந்து ஒரு தேத்தண்ணியைக் குடித்து முடித்ததை லண்டன் அப்டன் பார்க்கில் ஒருவரும் கண்டதில்லை. பஸ் ஓட்டும்போது மட்டும் ஆள் அசையாமல் இருப்பான். அதற்குச் சம்பளம் தருகிறார்கள், வேறு வழியில்லை. காலையில் ஒரு துண்டு, பின்னேரம் ஒரு துண்டு என்று பிளந்துபோன ஷிப்ட். இடையில் கிடைக்கும் மத்தியானத்தில் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் குசினி மேசையில் நாலு குட்டி லப்டொப்புகளை வரிசையாகத் திறந்து வைப்பான்.

நாலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பொறுக்கிய பழசுகள், பள்ளிக்கூடக் கொப்பி அளவுதான். பற்றரிகள் எப்போதோ செத்துவிட்டன. ஒன்று சூடேறி இரைவதால், மனைவி பிறேமினி கேக் ஆறவைக்கும் கம்பித்தட்டில் அதற்கு நிரந்தர இடம் கொடுத்திருந்தான். அவளிடம் கேட்டானா என்று கேட்காதீர்கள். அவற்றில் ஓடுவது ஒரு பழைய இணைய விளையாட்டு. ஆளுக்கொரு வீரன், குழுவாகப் போய் அரக்கர்களை அடிக்கவேண்டும். நிழல், மழை, புல் எல்லாவற்றையும் நிறுத்தினால்தான் இந்தப் பெட்டிகளில் அது நகரும். திரையும் உயரம் கட்டை. விளையாட்டு ஏதும் செய்தி காட்டினால் மேற்பாதிதான் தெரியும், அமத்தவேண்டிய பொத்தான் கீழே மறைந்து கிடக்கும். ஜெராட் குருட்டாம்போக்கில் என்டரைத் தட்டுவான்.

நாலு வீரர்களுக்கும் ஒருகாலத்தில் நாலு பேர் இருந்தார்கள். லண்டனுக்கு வந்த புதிதில் கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரே அறையில் சுருண்டு கிடந்த பெடியள். ஒருவன் டொரொண்டோவுக்கும் ஒருவன் பாரிசுக்கும் போய் விளையாட்டை மறந்துவிட்டார்கள். டிசம்பர் வந்தால் நத்தார் வாழ்த்து அனுப்புவார்கள். மூன்றாமவன் றொஜன் போனது லண்டனுக்குள்ளேயே, கிங்ஸ்பரிக்குத்தான். ஆனால் மூன்று பேரிலும் அவன்தான் கனதூரம்.

றொஜனின் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப்போவது தான்தான் என்று ஜெராட் சூட்டும் தைத்து வைத்திருந்தான். கடைசி நேரத்தில் றொஜனின் தாய்வழி ஆட்கள் யாரோ ஒரு மச்சானைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஜெராட் தேவாலயப் பூசைக்குப் போனான், சாப்பிட்டான், படத்துக்கு நிற்காமல் வந்துவிட்டான். முதலில் அவன் போன் எடுத்துக் கதைக்கட்டும் என்று இவன் இருந்தான், இவன் எடுக்கட்டும் என்று அவன் இருந்தான். ரோசத்துக்கு இரண்டு பேரிடமும் குறைவில்லை. அப்படியே ஆறு வருசம் போய்விட்டது.

மாதத்தில் ஒருதரமாவது நாலு பேரும் உள்ளே வராவிட்டால் குழு கலைந்துபோகும் என்பது விளையாட்டின் விதி. நாலு கணக்கும் ஜெராட்டின் மின்னஞ்சலில் திறந்தவை என்பதால் அவனே நாலு பேராகவும் நின்றான். ஒரு லப்டொப்பில் வாளை வீசிவிட்டு அடுத்ததில் மருந்து கொடுப்பான். இரண்டு கையும் நாலு விசைப்பலகையில் பறக்கும்.

"தனிய நிண்டு நாலு பேரின்ரை சண்டையைப் பிடிக்கிறியள். ஒரு போன் எடுத்தால் என்னப்பா குறைஞ்சு போவியள்?" என்பாள் பிறேமினி.

"நான் ஏன் எடுக்கவேணும்?"

அந்தச் செவ்வாய்க்கிழமை, றொஜனின் வீரன் நின்ற திரை திடீரென்று மங்கியது. ‘இந்தக் கணக்கில் வேறிடத்திலிருந்து ஒருவர் நுழைந்துள்ளார்.’ மிச்சம் வழக்கம்போல் கீழே மறைந்துவிட்டது. ஜெராட்டுக்கு மிச்சம் தேவைப்படவில்லை.

"கள்ளன்," என்று எழும்பினான். "ஆரோ உள்ளுக்கை பூந்திட்டான்."

போனை எடுத்துக்கொண்டு கொறிடோருக்குப் போய், அங்குமிங்கும் நடந்தபடியே றொஜனின் பாஸ்வேர்டை மாற்றினான். வாயில் வந்த சொல்லே கையிலும் வந்தது. கள்ளனை வெளியே தள்ளிப் பூட்டிய திருப்தியோடு குசினிக்குத் திரும்பியவன், மற்ற மூன்று திரைகளையும் அப்போதுதான் பார்த்தான். குழு பேசும் இடத்தில், ஆங்கில எழுத்தில் தமிழ் கிடந்தது.

‘ஆரும் நிக்கிறியளோ?’

அதற்குக் கீழே, ‘ஜெராட்?’

அதற்கும் கீழே, றொஜன் வெளியேற்றப்பட்டதாக ஓர் அறிவிப்பு.

மூன்று வீரர்கள் கல்லுப்போல் நிற்பதை றொஜன் கண்டிருப்பான். கேட்டிருக்கிறான், பதில் இல்லை. அடுத்த நிமிடம் பிடரியில் பிடித்துத் தள்ளிக் கதவைச் சாத்தியாயிற்று.

"அவன்தான் முதல் கதைச்சிருக்கிறான், பிறேமினி. நான் அடிச்சுக் கலைச்சுப்போட்டன்."

"அப்ப எடுங்கோ."

வாட்ஸப்பில் எழுதினான், அழித்தான். பிரிட்ஜுக்கும் கதவுக்கும் இடையில் நடந்தான். யன்னலைத் திறந்தான், சாத்தினான். ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இன்றைக்கு விட்டால் றொஜன் இனிச் செத்தாலும் கதைக்கமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். தன்னைத் தெரிந்தவனுக்கு அவனைத் தெரியாதா? பயத்தோடுதான் நம்பரை அமத்தி, பிறேமினிக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டான்.

"ஹலோ."

"நான்தான்."

"தெரியும்," என்றான் றொஜன். குரலில் ஈரம் இல்லை.

"கள்ளன் எண்டு நினைச்சுப் பாஸ்வேர்டை மாத்திப்போட்டன், மச்சான். நீ எண்டு தெரியாது. புதுப் பாஸ்வேர்டும் கள்ளன்தான்."

"நான் எண்டு கண்டுகொண்டுதான் கதவைப் பூட்டினனி எண்டு நினைச்சன்," என்றான் றொஜன். பிறகு, "என்ரை ஆளுக்கு உந்தக் கவசமெல்லாம் ஆர் போட்டது? நான் விட்டிட்டுப் போகேக்கை ஓட்டைச் சட்டையோடை நிண்டவன்."

"நான்தான். நாங்கள் மூண்டு பேரும் மேலை ஏற, நீ மட்டும் கீழை நிண்டால் வடிவில்லைத்தானே."

போனுக்குள் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது.

"மகள்," என்றான் றொஜன். "ஞானஸ்நானம் குடுக்கவேணும். போன் எடுக்க வெக்கமாக் கிடந்தது. உங்கை விளையாட்டிலை நிப்பாய் எண்டு ஒரு நம்பிக்கையிலைதான் வந்து பாத்தனான். நீதான் ஞானத்தகப்பனா நிக்கவேணும். இந்தமுறை நான் சொந்தக்காரர் ஒருத்தரின்ரை சொல்லையும் கேக்கமாட்டன்."

ஜெராட் பிரிட்ஜில் சாய்ந்து நின்றான். ஆள் அசையவில்லை. கண்ணைத் துடைக்கக் கூடக் கை எழும்பவில்லை.

"ஓம்," என்றான். அதற்குமேல் குரல் உடைந்துவிடும் என்ற பயத்தில் படக்கென்று போனை வைத்துவிட்டான்.

"எப்பவாம்? எந்தக் கோயிலாம்?" என்று கேட்டாள் பிறேமினி.

ஜெராட் முழித்தான். யோசிக்காமல் உடனே திருப்பி எடுத்தான். மணி ஒருதரம் முழுதாக அடிக்கவில்லை, றொஜன் எடுத்துவிட்டான்.

"திருப்பி எடுப்பாய் எண்டு தெரியும்," என்றான். "போனைக் கையிலைதான் வைச்சுக்கொண்டு நிக்கிறன்."