காட்டேரிப் படமும் இராசையா அண்ணையும்

பேரன் வாடகைக்கு எடுத்துவந்த வீடியோவில் நேற்று ஓர் இரத்தக்காட்டேரி கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. வௌவால்கள் உயிருள்ளவை போலவே பறந்தன. எனக்குக் கொட்டாவி வந்தது. மருமகள் கொண்டுவந்து வைத்த வறுத்த கச்சான் கடலையின் மணம்தான் என்னை யாழ்ப்பாணப் பட்டணத்தில் படம் காட்டிய தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போனது; அதன் வாசலிலும் கச்சான் வறுத்து விற்பார்கள்.

அப்போது நான் அரசாங்கக் கச்சேரியில் புதிதாகச் சேர்ந்த கிளாக்கர். படங்களுக்கு இன்னும் வாய் முளைக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்று இராசையா அண்ணைதான் கதை சொல்லுவார். பின்னேரக் காட்சியென்றால் சைக்கிளை நேரே அங்கே விட்டுவிடுவேன்.

ஒருமுறை அங்கே ஒரு காட்டேரிப் படம் வந்தது; ஊர்பேர் தெரியாத கம்பனியின் மலிவுப் படம். வௌவாலைத் தூக்கிய நூல் கடைசி வாங்குப் பலகைவரை தெரிந்தது. காட்டேரியின் நீண்ட அங்கி கதவிடுக்கில் அகப்பட, அது கதவைத் திறந்து அங்கியை இழுத்துக்கொண்டு மறுபடி மறைந்தது.

“பேயெண்டாலும் உடுப்புக் கவனம் வேணும்,” என்றார் அண்ணை. கொட்டகை சிரித்து ஓய நேரமெடுத்தது.

ஆனால் காட்டேரியாக நடித்தவன் கண்ணிமைக்கவே மாட்டான். அவனுடைய நிழல் மட்டும் படியேறி வந்தபோது, படங்களில் பிழை பிடிக்கவே பிறந்தவனென்று நினைத்திருந்த நான் கால்களைத் தூக்கி வாங்கில் வைத்துக்கொண்டேன்.

பிறகு, காட்டேரி கடித்துச் செத்த இளம் மனைவி, புதைத்த கோலத்திலேயே வந்து கணவனின் கதவைத் தட்டினாள். உள்ளே அவன் நடுங்கினான். ‘திறவாதையும்’ என்று அண்ணை சத்தமிட வேண்டிய இடம். அந்த மாரியில்தான் அவருடைய மனைவி நெருப்புக்காய்ச்சலில் இறந்திருந்தார்.

“திறவுமன் தம்பி,” என்றார் மெல்ல. “வெளியிலை குளிருது. என்னெண்டாலும் உம்மடை மனிசியெல்லே.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் யாரோ விம்மினார்கள். திரையில் அவன் திறக்கவில்லை. அவள் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிப் போனாள்.

படம் முடிந்ததும் வாசலில் கொட்டகை முதலாளி அண்ணையை மறித்தார். “இராசையா, நாளைக்கெண்டாலும் கதையிலை உள்ளபடி சொல்லும். சனம் பயப்பிட வந்தது, அழ இல்லை.”

“ஓம்,” என்றார் அண்ணை.

மறுநாளும் போனேன். அந்த இடம் வந்ததும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார். பின்னால் நின்று கேட்ட முதலாளி வெளியே போனார். அந்தப் படம் ஓடிய நாளெல்லாம் அப்படியே நடந்தது.

பேசும் படம் வந்ததும் கதை சொல்லும் வேலை போயிற்று. பின்னர் கொட்டகையும் போயிற்று. அந்தக் கொட்டகைக்கு வந்த முதல் பேசும் படத்துக்கு நானும் அண்ணையும் சேர்ந்தே போனோம். அவர் வழக்கமாக நிற்குமிடத்தில் பெரியதொரு ஒலிப்பெட்டி வைத்திருந்தார்கள். திரையை விட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து சைக்கிளை உருட்டியபடி, “நல்லாத்தான் கதைக்குது,” என்றார்.