செருப்புக்கு ஓர் அனுமதி

உள்ளே வருகிறவன் தலை தானாகக் குனிய வேண்டும் என்று ராஜா கட்டிய அரண்மனை அது. இப்போது எல்லோரையும் குனியவைப்பவர் அங்குள்ள காவலாளி. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிடுவார். ஒல்லியான மனிதர், சீருடையை வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்திருந்தார்கள். தர்பார் மண்டபத்தில் யார் நடந்தாலும், பின்னாலேயே போய் அந்தக் கறுப்புத் தரையைத் துணியால் துடைப்பார்.

ஸ்ரீவராகத்திலுள்ள என் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை அங்கே அழைத்துப்போய் எனக்குப் பழக்கமானவர். நான் அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்றவன் என்று தெரிந்ததும் ஒருநாள் தயங்கிக் கேட்டார்.

"சாரே, நான் தொடைக்கிற தரைய எம் பெஞ்சாதிக்கு ஒருக்கா பாக்கணுமாம். சுகர்ல பாதி பாதம் போச்சு. தனியாத் தச்ச செருப்பு இல்லாம நிக்க மாட்டா. திங்கக்கிழம அடைப்பு அல்லோ, உள்ள நான் மட்டும்தான். கூட்டிட்டு வந்துரட்டா?"

"மாட்டினா உம்ம வேலை போயிடும். முறைப்படி எழுதுவோம்."

செருப்புக்கு விதிவிலக்கு கோரி அவர் பெயரில் நானே மனு எழுதினேன், மேலதிகாரி வழியாக, மூன்று நகல்களுடன். யாராலும் குறை சொல்ல முடியாத மனு. நான்கு மாதம் மேசை மேசையாகப் போய் அனுமதி வந்தபோது, அந்த அம்மாளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

உத்தரவை என்னிடம் நீட்டினார். குரலில் கோபமே இல்லை.

"சாரே, இனி இது வேண்டாம்னு திருப்பி எழுதணுமோ?"

விதிப்படி எழுதத்தான் வேண்டும். தெரியாது என்றேன். அவர் அதை நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.