கண் திறக்காத பன்னிரண்டாவது குதிரை

கடைசிக் குதிரைக்குக் கண் திறக்காதவரை எங்கள் அண்ணன் சாகமாட்டார் என்று நம்பினேன். எனக்கு வயது ஐம்பத்தொன்று. இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவன். அப்படியும் நம்பினேன்.

இந்த நினைவு மலரைப் படிக்கும், விவரம் தெரியாத உறவினர்களுக்குச் சொல்கிறேன். அண்ணன் கலசபாக்கம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்குப் பத்தொன்பது. என்னைப் படிக்கவைத்ததும், வேங்கிக்கால் அலுவலகத்தில் நில வரைபடம் வரைந்தே ஓய்வு பெற்றதும் நீங்கள் அறிந்தவை. அறியாதது, அவர் கட்டிலடியில் இருந்த பட்டாளம். செங்கம் ரோட்டில் எங்கள் மாடி அறையில் குடியிருந்த பிரெஞ்சுக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுச்சென்ற டப்பா அது. உள்ளே நெப்போலியன் காலத்துக் குதிரைவீரர்கள் பன்னிரண்டு பேர், ஈயத்தில், கட்டைவிரல் உயரம். மேசைமேல் நிறுத்திப் பகடை உருட்டிப் போர் நடத்துவார்களாம். அண்ணனுக்குப் போரில் விருப்பமில்லை, வர்ணம் பூசுவார். பச்சைச் சட்டை, சிவப்புக் காலர், கடுகளவு பொத்தான். சிலைக்குச் சிற்பி செய்வதுபோல், குதிரையின் கண்ணைக் கடைசியில்தான் தீட்டுவார். அதைக் "கண் திறப்பது" என்றே சொல்வார்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு ஒருநாள் சொன்னார்: "இந்தப் பன்னெண்டுக்கும் கண்ணு தொறந்துட்டுதான்டா கெளம்புவேன்."

தைரியத்துக்குச் சொன்னார். நான் ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன். பதினோரு குதிரை முடிந்த அன்று பன்னிரண்டாவதைத் திருடிவிட்டேன்.

கைக்குட்டையில் சுற்றி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தேன். எமனையே ஏமாற்றிய மிதப்பில் ஊரைச் சுற்றினேன். ஒவ்வொரு வேகத்தடை தாண்டியதும் இறங்கி, குதிரைக்கு நாலு காலும் இருக்கிறதா என்று பார்த்தேன். கால் உடைந்தால் அண்ணனுக்கு என்ன ஆகுமோ என்று அடுத்த பயம்.

"குதிரைய பாத்தியாடா?"

"எந்தக் குதிரைண்ணா?"

"ம், உன் கல்யாண ஊர்வலத்துக்கு வந்துச்சே, அது. கடைசிக் குதிரைடா!"

கட்டிலடியில் துடைப்பம் விட்டுத் துழாவிய அண்ணி, "எலி இழுத்துகினு போயிருக்கும்ங்க" என்றார்.

"ஈயத்த எந்த எலிடி தின்னும்?"

"தம்பி, அந்த பீரோவ கொஞ்சம் நகத்துங்க."

நகர்த்தினேன். குனிந்து தேடவும் செய்தேன்.

ஒன்பதாம் நாள் அண்ணன் கையிலிருந்த காபி தளும்பி வேட்டியில் கொட்டியது. குதிரையை மறைத்தும் நோய் நிற்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்க் குதிரையை எடுத்துவந்து, "பீரோ பின்னால கெடந்துச்சுண்ணா" என்று நீட்டினேன். தூரிகையை எடுத்தார். நுனி ஆடியது. இரண்டு முறை முயன்று வைத்துவிட்டார்.

"போன வாரம் கை நல்லா நின்னுச்சுடா. நீ தொற."

வாங்கினேன். என் கை அவர் கையைவிட ஜாஸ்தி ஆடியது.

"குடுத்துடு. மாறுகண்ணு ஆக்கிடுவ" என்று சிரித்தார்.

டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கும், வாரம் மூன்று நாள் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்த ஆட்டோக்காரருக்கும், அந்தப் பச்சையைப் பத்து முறை சலிக்காமல் கலந்துகொடுத்த பெயிண்ட் கடை பாய்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. அண்ணி, எலியும் எடுக்கவில்லை, பீரோ பின்னாலும் கிடக்கவில்லை. நேரில் சொல்ல வாய் வராமல் அச்சில் சொல்கிறேன். மன்னியுங்கள்.

நான் ஒளித்துவைத்திருந்த எட்டு நாள்தான் அண்ணனின் கை ஆடாமல் இருந்த கடைசி எட்டு நாள். பன்னிரண்டாவது குதிரைக்குக் கண் திறக்கவில்லை. ஆறு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை, அண்ணன் இறந்துவிட்டார்.