வாங்க துரை

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. இது நடந்தது. நடந்தது என்னோடு ஒரே மேசையில் வேலை பார்ப்பவளுக்கு. அவள் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான்.

நாங்கள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் இருக்கிறோம். அங்கே அவளுக்கு 'வாங்க மேடம்' என்று பட்டப்பெயர். நாள் முழுக்க "வாங்க, உட்காருங்க" என்று சொல்லிச் சொல்லி, 'வா' என்ற சொல்லே அவள் நாக்குக்கு மறந்துபோயிருந்தது. தண்ணீர் கேன் போட வருபவருக்கும் வாங்கதான், வாசலில் வந்து நிற்கும் பூனைக்கும் வாங்கதான். கல்யாணம் ஆகவில்லை. மாடியில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு அக்கா. அக்கா சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிப்பாள். அவ்வளவு நம்பிக்கை.

அக்காவுக்கு நர்ஸ் வேலை. நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வாள். கடைசியாக, ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரை ஒரு வருஷம் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டிருந்தாள். அவர் இறந்ததும் அவருடைய நாயைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். கொஞ்ச நாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாயோடு தங்கை வீட்டு கேட்டில் வந்து நின்றாள்.

"வீட்டுக்காரம்மா நாய் கூடாதுன்னுட்டாங்கடி. நீ வெச்சுக்கோ. உனக்கும் துணையா இருக்கும்."

மாடிக்கு வரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே நாயின் பக்கம் குனிந்து, "போங்க. இனிமே இவகூட இருங்க," என்றாள். நாய்க்கு இவ்வளவு மரியாதையா, பிரிய மனசில்லை போலிருக்கிறது என்று தங்கைக்குப் பாசம் பொங்கியது.

நாய்க்கு நாலு பாதமும் வெள்ளை, பூட்ஸ் போட்ட மாதிரி. துரை என்று தங்கைதான் பெயர் வைத்தாள். துரை நாலுகால் பாய்ச்சலில் படியேறியது. அவள் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க துரை, உள்ள வாங்க!"

நாய் வாசலில் நின்றது. திரும்பிப் படிகளைப் பார்த்தது. யாருக்கோ காத்திருப்பது போல...

பிறகு உள்ளே வந்தது. நொண்டிக்கொண்டு.

வலது பின்னங்கால். முள் குத்தியிருக்குமோ என்று விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்த்தாள். நகம் உடையவில்லை. வீக்கம் இல்லை. அழுத்தினால் கத்தவும் இல்லை, அவள் மூக்கைத்தான் நக்கியது. கண்ணாடித் துண்டு ஏதும் கிடக்கிறதோ என்று வீடு முழுக்கத் தவழ்ந்து தேடினாள். கிடைத்தது, என்றைக்கோ தொலைந்த தோட்டின் திருகாணி.

மறுநாள் நாய் டாக்டரிடம் போனாள். அவர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். பின்பக்க முற்றத்தில் அவிழ்த்துவிட்டார். துரை அம்பாகப் பாய்ந்தது.

"காலுக்கு ஒரு குறையும் இல்லம்மா. உங்க வீட்டுத் தரை வழுக்குதா?"

தரை முழுக்க மேட் வாங்கிப் போட்டாள். தெருவில் துள்ளிக்கொண்டு வரும் நாய், வாசற்படி தாண்டியதும் நொண்டியது.

"நடிக்கிறான், திருட்டுப்பய," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. வீட்டுக்குள் கூப்பிட்டால் துரை ஓடி வராது. நின்று நின்று வரும். ஜன்னலோர நாற்காலியின் பக்கத்திலேயே உட்காரும். அதில் அவள் உட்காரப் போனால் உறுமும். உச்சந்தலை முடி மட்டும் படிந்திருக்கும்... தடவிவிட்ட மாதிரி.

சனிக்கிழமை மத்தியானம். நல்ல வெயில். மேட் எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட்டுத் தரையைத் துடைத்தாள். ஈரத்தில் துரை நடந்து வந்தது. டிக்... டிக்... நகச் சத்தம்.

கூடவே இன்னொன்று.

சர்ர்ரக்...

குனிந்து பார்த்தாள். ஈரத்தில் துரையின் தடம். அதை ஒட்டி... மனிதக் கால். இடது பாதம், முழுதாக. வலது பாதம் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு கோடு. காலை இழுத்த கோடு.

துரை நின்றது.

சத்தமும் நின்றது.

துரைக்குக் கால் வலி இல்லை. பக்கத்தில் வருகிறவருக்குத் தக்கபடி நடக்கிறது.

படிக்கு ஓடி வந்து அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா... அந்த வாத்தியாருக்கு எந்தக் கால் வராது?"

அக்கா திருப்பிக் கேட்டாள்.



"என்னன்னு உள்ள கூப்பிட்ட?"

"வாங்கன்னு..."

"மரியாதையா கூப்பிட்டாத்தான் அவர் வருவாருடி. போகணும்னாலும் ஒரு இடம் சொல்லி, போங்கன்னு சொல்லணும்."

"தெரிஞ்சேதான் என்கிட்ட விட்டியா?"

"எனக்குக் கொழந்தை இருக்கு. நீ தனி ஆளு."

தனி ஆள். அந்த ஈரத் தடத்தைவிட இந்தச் சொல்லுக்குத்தான் உடம்பு சில்லிட்டது என்றாள். யாரை நம்பிக் கிணற்றில் குதிப்பாளோ, அவளே பின்னாலிருந்து தள்ளிவிட்டிருக்கிறாள்.

நேரில் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும். நாய்க்குச் சங்கிலி மாட்டினாள். கதவருகே நின்று, பாழாய்ப்போன பழக்கத்தில், "வாங்க, போகலாம்," என்றாள்.

அன்று துரை தெருவிலும் நொண்டியது.

அக்கா வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா இருந்தார். காலடியில் இரண்டு நாய்கள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன. "நாய் கூடாதுன்னு நான் சொன்னேனா? யாரும்மா உனக்குச் சொன்னது?" என்றார்.

படியேறினாள். டிக்... சர்ர்ரக்... டிக்... சர்ர்ரக்...

கதவைத் தட்டினாள். அக்கா மகள் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சித்தி! வாங்க, உள்ள வாங்க!"

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. "அப்படிக் கூப்பிடாதடி!" அக்காவின் அலறல்.

சர்ர்ரக்...

வாசற்படி தாண்டியது.

'வேண்டாம், வந்துடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

சொல்லவில்லை.

திரும்பினாள். துரை நாலுகால் பாய்ச்சலில் இறங்கியது.

போன வாரம் அக்கா மகளிடமிருந்து போன். வேலை நேரம், நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சித்தி, அம்மா திடீர்னு நொண்டி நொண்டி நடக்கிறாங்க. படமெல்லாம் எடுத்தாச்சு. கால்ல ஒன்னுமே இல்லையாம்..."

எந்தக் கால் என்று அவள் கேட்கவில்லை.