படம் இல்லாத மரண அறிவித்தல்

என் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது ஒரு மரண அறிவித்தலில். செத்தது நான் இல்லை. பாடசாலைச் சஞ்சிகையில் கட்டுரை எழுதியோ, ஓட்டப்போட்டியில் முதலாவதாக வந்தோ பெயர் அச்சில் வரக் காண்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது இதுதான். 'அன்புத் தங்கையும் ஆவார்' என்ற சொற்களுக்கு முன்னால் என் பெயர் தடித்த எழுத்தில் நின்றது. எட்டு வயதில் எனக்கு அது பெரிய புளுகம், சந்தோஷத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. பாடசாலைக்கு அந்த நோட்டீஸில் ஒன்றை மடித்துக் கொண்டுபோய்க் காட்டிவிட்டும் வந்தேன்.

ஊர்காவற்றுறையில் இப்போதும் அம்மாவைப் 'பிறக்காத பிள்ளைக்கு நோட்டீஸ் அடிச்ச மனிசி' என்று அடையாளம் சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். ஆனால் பிறக்காத பிள்ளை என்பது பச்சைப் பொய். பிறந்தவள். இரண்டரைக் கிலோ நிறையோடு, அம்மாவின் வயிற்றைக் கீறிக்கொண்டு பிறந்தவள். மூச்சு மட்டும்தான் இல்லை.

அம்மாவுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். ஒரு திங்கட்கிழமை விடிய எழும்பி, பிள்ளை அசையவில்லை என்றார். ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனேயே அம்புலன்ஸில் ஏற்றிப் பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அன்றைக்கே, பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பு நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் இரத்தம் போகத் தொடங்கவே, மயக்கமருந்து கொடுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்களும் இல்லை. எல்லோரும் நல்லதுக்கென்றுதான் செய்தார்கள். நல்லதுக்கென்று செய்கிறவர்களோடு சண்டை பிடிப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. அம்மா அதைச் செய்தார்.

மயக்கம் தெளிந்ததும் பிள்ளையைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரு நேர்ஸ் பக்கத்தில் வந்து குனிந்து, "பார்க்காதேங்கோ அக்கா. பார்த்தா மறக்க ஏலாது" என்றாராம்.

"மறக்கிறதுக்கு ஆர் வந்தது?" என்று அம்மா கேட்டாராம்.

ஆனால் அதற்கு முதலே காரியம் முடிந்துவிட்டது. அம்மா மயக்கத்தில் கிடந்த நேரம் அப்பாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். தாய்க்குக் காட்டவேண்டாம், தாங்கமாட்டா, கெதியாக அடக்கிவிடுங்கோ என்றார்களாம். என்னுடைய அப்பா கடலில் காற்றுக்கும் பயப்படாதவர், நேவிக்கும் பயப்படாதவர். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் எதைச் சொன்னாலும் ஓம் என்று தலையாட்டுகிறவர். தன்னோடு தொழிலுக்கு வருகிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, கோயில் கல்லறைகள் இருக்கிற சேமக்காலையின் வேலியோரத்தில், ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை அந்த நாளிலிருந்தே புதைக்கிற இடத்தில், தங்கச்சியைத் தாழ்த்துவிட்டு வந்தார். துக்கமணி அடிக்கவில்லை. குருசும் நடவில்லை. அப்போது அம்மா கட்டிலில் எழும்பி இருக்கவும் ஏலாமல் கிடந்தார்.

ஐந்து நாள் அந்த வார்ட்டில். சுற்றிவரப் பெற்ற தாய்மாரும் பிள்ளைகளும். காலையில் பிள்ளைகளை நிறுக்கத் தராசு கொண்டு வருகிற பெண் வரிசையாக வந்து, அம்மாவின் கட்டிலிலும் நின்று, பிள்ளையைத் தாங்கோ அம்மா என்றாளாம். முதல் நாள் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாம் நாளும் அவள் கேட்க, வார்ட் முழுக்கக் கேட்கத் தக்கதாக, என்ரை பிள்ளையை நீங்கள்தானே எடுத்தனீங்கள், கொண்டு வாங்கோ, நானும் நிறுத்துப் பார்க்க வேணும் என்றிருக்கிறார். அதற்குப் பிறகு கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டார்கள். அம்மா திரையைத் திறந்துவிட்டார். அவர்கள் இழுக்க இவர் திறக்க, மிச்ச நாளும் அப்படியே போனதாம்.

இதெல்லாம் அம்மா வீட்டுக்கு வந்து, ஆர் வந்தாலும் இருத்தி வைத்து, சத்தமாகச் சொன்ன கதைகள். அந்த நாட்களில் அப்பாவின் தமக்கை, என்னுடைய மாமி, எங்களோடு வந்து நின்று சமைத்துப் போட்டார். அம்மாவுக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட, மாமி பால் வற்றட்டும் என்று மல்லிகைப்பூ வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். பூ வாசம் வரவே, நான் அம்மா எங்கேயோ கலியாண வீட்டுக்கு வெளிக்கிடுகிறார் என்று நினைத்து என்னுடைய நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். மாமி என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்.

மாமி நல்ல மனிசி. ஆனாலும் அவரும் ஒருநாள் எல்லோரும் சொல்வதைச் சொல்லிவிட்டார். இன்னும் வயசிருக்குத்தானே, அடுத்ததைப் பெத்தால் எல்லாம் சரியாப் போம் என்றார்.

"மச்சாள், உங்கடை மனிசன் செத்த நேரம், இன்னொருத்தரைப் பாருங்கோ எல்லாம் சரியாப் போம் எண்டு நான் சொன்னனானோ?" என்றார் அம்மா.

மாமி இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. மூன்று நேரமும் சாப்பாடு மட்டும் பிழையில்லாமல் வந்தது.

அம்மாவின் உண்மையான சண்டை அப்பாவோடுதான். ஏனென்றால் தங்கச்சியின் முகத்தைக் கண்டவர் உலகத்தில் எங்களுக்குச் சொந்தமானவர்களில் அவர் ஒருவர்தான். எப்பிடி இருந்தவள் என்று அம்மா ஒவ்வொரு நாளும் கேட்பார். பிள்ளை மாதிரித்தான் என்பார் அப்பா. ஆரைப் போல என்று கேட்டால், எனக்கு வடிவாத் தெரியேல்லை என்பார். அதற்கு மேல் கேட்டால் வலையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். அந்த மாதம் அப்பா தொழிலுக்குப் போன மாதிரி வேறு எந்த மாதமும் போனதில்லை. மீன்தான் ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

இரண்டு கிழமை பார்த்துவிட்டு அம்மா முடிவெடுத்தார். மரண அறிவித்தல் அடிக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் செத்தால், ஆருக்கு மகன், ஆருக்கு மருமகன், ஆருக்குப் பேரன் என்று வரிசையாகப் போட்டு, படத்தோடு நோட்டீஸ் அடித்து, பஸ் நிலையத்திலும் கோயில் மதிலிலும் இறங்குதுறையிலும் ஒட்டுவார்கள். கனடாவில் செத்தவருக்கும் ஒட்டுவார்கள். வயிற்றில் செத்த பிள்ளைக்கு ஒருவரும் ஒட்டியதில்லை. மாமி பதறிப்போய், ஊர் சிரிக்கும் என்றார்.

"சிரிக்கட்டும். சிரிக்கிறதெண்டாலும் அவள் செத்தது தெரியவேணுமே" என்றார் அம்மா.

என்னுடைய கொப்பியில் ஒரு ஒற்றையைக் கிழித்து அம்மாவே எழுதினார். ஏழாம் மாதத்திலேயே பெயர் வைத்துவிட்டிருந்தார்: செல்வி மேரி றொசாலின். அப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றார். நீங்கள் போகாட்டி நான் தையலோடை பஸ் ஏறுவன் என்று அம்மா உள்ளே இருந்து சொல்ல, சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு பட்டினத்துக்குப் போனார்.

அச்சகத்திலிருந்து அப்பா போன் எடுத்தார். அச்சடிக்கிற பெடியனுக்கு இரண்டு குழப்பங்கள். ஒன்று, படம் தரவில்லை. படம் இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு பூவோ மெழுகுதிரியோ போடலாம் என்றான். மற்றது, தோற்றம் செவ்வாய்க்கிழமை, மறைவு திங்கட்கிழமை என்று எழுதியிருக்கிறது, தாளில் மாறி எழுதப்பட்டுவிட்டது, தான் திருத்திவிடுகிறேன் என்றான். போனை அவனிடம் கொடுக்கச் சொன்னார் அம்மா.

"தம்பி, மாறேல்லை. அப்பிடியே போடும். அதுதான் நடந்தது. எனக்குக் காட்டாத முகத்துக்கு அங்கை பூவும் வேண்டாம், திரியும் வேண்டாம். சட்டத்தைப் போட்டு உள்ளுக்கை வெறுமையா விடும்."

அவன் அப்படியே விட்டான். ஐம்பது நோட்டீஸ் வந்தது. கறுப்புக் கரை, மேலே குருசு, நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு சட்டம், அதற்குள் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே, இறந்து ஒரு நாள் கழித்துப் பிறந்த என் தங்கச்சியின் பெயர். எல்லாவற்றுக்கும் கீழே என் பெயர்.

அப்பா குசினியில் கோதுமை மாவில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். நோட்டீஸ் கட்டு மேசையில் கிடந்தது. என் பெயரை ஐந்தாறு தரம் வாசித்து முடித்த பிறகு, அந்த வெறும் சட்டம் என் கண்ணை உறுத்தத் தொடங்கியது. வகுப்பில் படம் கீறுவதில் நான்தான் திறம். அச்சகத்துப் பெடியன் மறந்துபோய் விட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். நீலப் பேனையை எடுத்து மேலே கிடந்த நோட்டீஸில் ஒரு முகம் கீறினேன். வட்டமான கன்னம், சிரிக்கிற வாய், பொட்டு மாதிரி மூக்கு. கண்களைத்தான் கடைசியாக, அவசரப்படாமல் ஆறுதலாகக் கீறினேன். பெரிய கண்கள். ஒவ்வொரு இமைமயிராக எண்ணி வைத்தேன்.

மாமிதான் கண்டார். தலையில் ஒரு குட்டு விழுந்தது. குரங்கே, என்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறாய் என்று அவர் போட்ட சத்தத்தில் அம்மா கட்டிலால் எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பா அகப்பையோடு வந்தார். அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நான் மேசைக்குப் பின்னால் போனேன். அம்மா தாளை அப்பாவின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"சொல்லுங்கோ. இப்பிடியோ இருந்தவள்?"

அப்பா அகப்பையை மேசையில் வைத்தார். பசை ஒழுகி மேசைவிரிப்பில் பட்டது, ஒருவரும் அதைத் துடைக்கவில்லை. அவர் கதிரையை இழுத்து இருந்து, என்னிடம் கையை நீட்டினார். பேனையைக் கொடுத்தேன். கையெழுத்து வைப்பதற்கு மட்டும் பேனை பிடிக்கிற மனிதர் அவர். முதலில் நெற்றிக்கு மேலால் கோடு கோடாக இழுத்தார்.

"நிறைய மயிர்," என்றார்.

பிறகு முகத்தின் அடியில் சின்னக் குழி ஒன்று வைத்தார். "உம்மடை நாடி," என்றார் அம்மாவைப் பார்த்து.

நான் சிரிக்க வைத்திருந்த வாயைச் சிறிதாக்கினார். கன்னத்தைக் கொஞ்சம் ஒடுக்கினார். கடைசியாக, நான் திறந்துவைத்த இரண்டு கண்களுக்கும் மேலால் ஒவ்வொரு கோடு இழுத்து, அவற்றை மூடிவிட்டார்.

அம்மா அந்தத் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என்ரை குஞ்சு, என்ரை குஞ்சு என்று அழுதார். ஆஸ்பத்திரியிலும் அழாதவர், வந்தவர்கள் எல்லோரையும் எதிர்த்துக் கதைத்தவர், அன்றைக்குத்தான் அழுதார். அப்பா கதிரையில் இருந்தபடியே அவரின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு அம்மா முகத்தைக் கழுவிவிட்டு வந்து, அந்த ஒன்றைத் தலையணைக்குக் கீழ் வைத்துவிட்டு, மிச்சத்தை எடுங்கோ, பசை ஆறுது என்றார். நாங்கள் மூன்று பேரும் போனோம். கோயில் மதிலில் அம்மாவே தன் கையால் ஒட்டினார். வெறும் சட்டத்தைத் தெரு பார்த்தது. ஒருவரும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கோ அப்பாவில் சரியான கோபம். அந்தப் படத்தில் கண்தான் நன்றாக வந்திருந்தது. அவ்வளவு பாடுபட்டுக் கீறியதை இரண்டு இழுவையில் பழுதாக்கிப் போட்டாரே என்று அன்றைக்கு நிலத்தில் உருண்டு அழுதேன். அதோடு விட்டேனா? ஒரு கிழமையாக, அவர் கடலால் வருகிற நேரமெல்லாம் நீலப் பேனையோடு வாசல் படலையில் போய் நின்று, கண்ணைத் திறந்து விடுங்கோ அப்பா, தங்கச்சியின்ரை கண்ணைத் திறந்து விடுங்கோ என்று அவரை ஆக்கினைப்படுத்தினேன். அவர் ஒவ்வொரு நாளும் பேனையை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு உள்ளே போனார். நான் அடுத்த நாளும் போய் நின்றேன்.